யாரிடம் கருத்துக் கேட்கிறீர்கள்?

(நீண்ட பதிவு. முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.)

சென்ற மாதம் வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த கருத்தரங்கில், இந்தியத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் சொல்வரையறைகள் குறித்துக் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, உழைப்புத் தெரிகிறது. ஆனால் இது வழக்குரைஞர் செய்யவேண்டிய வேலை. உரிமக் கட்டணத்திலும் அலைக்கற்றையிலும் மொழியியலுக்கு என்ன இருக்கிறது? பேசாமல் வேற்றுமை உருபுக்கே திரும்பிவிடுங்கள்" என்றார். உடன் நின்ற ஆய்வு மாணவர்கள் இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மரியாதை கருதி அன்று விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஐயா, தொலைத்தொடர்புச் சட்டத்தில் மொழியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. கம்பியும் கோபுரமும் பொறியாளர்களின் பொறுப்பு. சட்டத்தில் இருப்பவை சொற்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்யும் அரங்கில், இந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் மொழியின் பெயராலேயே வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். மொழியைப் பயின்று பட்டம் வாங்கிய நாம் அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கிறோம். இந்தப் பதிவு அரசின்மீதான புகார்; அதைவிட நம் துறைமீதான புகார்.

1. ஒரு சொல்லின் விலை

முதலில் ஒரு கணக்கு. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு, நிறுவனங்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை அரசுக்கு உரிமக் கட்டணமாகச் செலுத்தும் முறை வந்தது. 'சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாய்' என்பது உரிம ஒப்பந்தத்தில் இருந்த தொடர். இதில் 'வருவாய்' என்றால் என்ன? தொலைபேசிச் சேவையால் வந்த பணம் மட்டும்தான் என்றன நிறுவனங்கள். வைப்புத்தொகைக்கு வந்த வட்டி, பங்காதாயம், சொத்து விற்ற பணம் எல்லாமே வருவாய்தான் என்றது அரசு. 2003இல் தொடங்கிய வழக்கு, தீர்ப்பாயத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்குமாக அலைந்து, 2019 அக்டோபர் 24 அன்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது. அன்று நிறுவனங்களின் தலையில் ஏறிய உரிமக் கட்டண நிலுவை ஏறத்தாழ 92,000 கோடி ரூபாய். அந்தச் சுமையில் தள்ளாடிய ஒரு நிறுவனத்தின் நிலுவைகள் பின்னர்ப் பங்குகளாக மாற்றப்பட்டு, இந்திய அரசே அதன் மிகப் பெரிய பங்குதாரராகிவிட்டது.

ஒரு பெயர்ச்சொல்லின் பொருட்பரப்பு எதுவரை என்பதற்காக 16 ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார்கள். சொற்பொருளியல் வகுப்பில் முதல் பருவத்தில் நாம் நடத்தும் பாடம் இது. இதில் மொழியியலுக்கு வேலையில்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

2. வரையறுக்கப்படாமல் விடப்பட்ட சொற்கள்

பணம் போனால் நிறுவனங்கள் வழக்காடிக்கொள்ளும். வழக்காட வசதியில்லாதவர்களின் வாழ்க்கையைத் தொடும் சொற்கள் வேறு இருக்கின்றன.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பிரிவு 5(2). 'பொது நெருக்கடி' ஏற்பட்டாலோ 'பொதுப் பாதுகாப்பு' கருதியோ, நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அரசு தகவல்களை இடைமறிக்கலாம், தடுத்து நிறுத்தலாம் என்பது அதன் சாரம். இவ்விரண்டு தொடர்களும் அச்சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம்தான் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. மக்கள் பெருந்திரளைப் பாதிக்கக்கூடிய, உடனடி நடவடிக்கை தேவைப்படுகிற திடீர் நிலைமையே பொது நெருக்கடி. மக்கள் பெருந்திரள் ஆபத்திலிருந்து விடுபட்டிருக்கும் நிலையே பொதுப் பாதுகாப்பு என்று விளக்கம் தந்தது. இவ்விரண்டும் ஒளிவுமறைவான நிலைமைகளாக இருக்க முடியாது, நியாயமான எவருக்கும் கண்ணுக்குத் தெரிபவையாக இருக்கவேண்டும் என்றும் சொன்னது.

2017இல் அதே பிரிவின் அடிப்படையில் தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தும் விதிகள் வந்தன. அதன்பின் நடந்தவை நாம் அறிந்தவை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணைய முடக்கம். சுட்டது காவல்துறை, வாயடைக்கப்பட்டது மூன்று மாவட்டத்து மக்கள். 2019 ஆகஸ்டில் முடக்கப்பட்ட காஷ்மீரில் 4ஜி இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய முடக்கம் மாதக்கணக்கில் நீண்டது. 2021இல் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் முறைகேடு நடக்காமலிருக்கவும் இணையம் நிறுத்தப்பட்டது. இனக்கலவரமும் 'பொதுப் பாதுகாப்பு', வினாத்தாள் கசிவும் 'பொதுப் பாதுகாப்பு' என்றால், அந்தத் தொடருக்கு எல்லையே இல்லை என்றாகிறது. எல்லையற்ற சொல்லைச் சட்டத்தில் வைத்திருப்பது, அதிகாரியின் கையில் வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்குச் சமம்.

இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அளித்த அறிக்கையில், இவ்விரு தொடர்களுக்கும் வரையறை இல்லாததைச் சுட்டிக்காட்டி, தெளிவான அளவுகோல்களை வகுக்கச் சொன்னது. எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்ற பதிவுகள்கூட மத்திய அரசிடம் இல்லை என்பதையும் அது வெளிக்கொணர்ந்தது.

138 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. குடியேற்றக் காலச் சட்டத்தைத் தூக்கியெறிகிறோம் என்று பெருமை பேசப்பட்டது. அதன் பிரிவு 20(2)ஐ எடுத்துப் படியுங்கள். அதே 'பொது நெருக்கடி', அதே 'பொதுப் பாதுகாப்பு'. வரையறை இல்லை. உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த விளக்கத்தை எடுத்து இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டும் எழுதவில்லை. இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடரில், அடுத்தடுத்த நாள்களில் இரு அவைகளையும் கடந்து அச்சட்டம் நிறைவேறியது. மறதியால் விடுபட்ட வரையறை என்று இதை நம்ப என்னால் முடியவில்லை.

மற்றொரு சொல்லையும் கவனியுங்கள்: 'செய்தி'. குறியீடு, எழுத்து, படம், ஒலி, காணொளி, தரவோட்டம், தகவல் என எதுவாயினும், தொலைத்தொடர்பு வழியே அனுப்பப்படுவதெல்லாம் 'செய்தி' என்கிறது புதிய சட்டம். அப்படியானால் வாட்ஸ்அப் இதில் அடங்குமா? 2022இல் வெளியான வரைவில் இணையவழித் தகவல் செயலிகள் வெளிப்படையாகப் பெயர் சுட்டப்பட்டிருந்தன, எதிர்ப்பு எழுந்தது, இறுதிச் சட்டத்தில் அப்பெயர் நீக்கப்பட்டது. செயலிகள் இதில் வரா என்று அமைச்சர் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் வரையறையோ அவற்றை உள்ளிழுக்கும் அகலத்துடன் அப்படியே நிற்கிறது. அமைச்சரின் வாய்மொழி மாறலாம். சட்டத்தின் வாசகம் நிற்கும். பெயரைச் சொல்லாமல் பொருளைச் சொல்லிவைக்கும் இந்த உத்தியை அடையாளம் காண்பதற்கு வழக்குரைஞர் பட்டம் தேவையில்லை. வாக்கியத்தைப் பகுத்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

3. கேட்பதாகச் சொல்லும் கடமை

'இவையெல்லாம் வல்லுநர்களிடமும் மக்களிடமும் கருத்துக் கேட்டுத்தானே செய்யப்படுகின்றன?' என்று கேட்கலாம். அங்கேதான் வருகிறேன்.

1997ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய், தன் பணிகளில் வெளிப்படைத்தன்மையைக் கடைப்பிடிக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் பிரிவு 11(4) கட்டளையிடுகிறது. அதன்படி, முக்கியமான எந்த முடிவுக்கும் முன்பு ஆணையம் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிடுகிறது. சில வாரங்களுக்குள் கருத்துகள், பிறகு எதிர்க்கருத்துகள், அதன்பின் திறந்த விவாதம். இந்திய ஒழுங்குமுறை அமைப்புகளில் இது மெச்சத்தக்க நடைமுறை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கை வழக்கமாக எந்த மொழியில் வருகிறது? ஆங்கிலத்தில். நூறு பக்கம், இருநூறு பக்கம், கலைச்சொற்கள் மண்டிய ஆங்கிலத்தில். பதில் எழுதுவோர் யார்? நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவினர், அவர்களின் சங்கங்கள், தலைநகரின் சட்ட நிறுவனங்கள், ஒரு கைப்பிடி அளவு தன்னார்வ அமைப்புகள்.

2015 மார்ச்சில் வெளியான இணையச் சமநிலை குறித்த அறிக்கை 118 பக்கம், 20 கேள்விகள். தன்னார்வலர்கள் அதைப் பிழிந்து எளிய நடையில் கொடுத்த பிறகுதான் மக்களுக்கு விஷயமே புரிந்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய மின்னஞ்சல்கள் குவிந்தன. அவ்வாண்டின் இறுதியில் ஃபேஸ்புக் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்காக ஆயத்தக் கடிதங்களைப் பயனர்களைக் கொண்டு அனுப்பவைத்தது. தான் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று ஆணையம் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, தரவுச் சேவைக்குப் பாகுபாடான கட்டணம் கூடாது என்ற ஒழுங்குமுறை வந்தது. நான் கொண்டாடும் வெற்றி அது. ஆயினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இரு தரப்பும் யாருடைய பெயரால் பேசின? ஏழைக் கிராமத்தவரின் பெயரால். அவருக்கு இலவச இணையம் வேண்டும் என்றது ஒரு தரப்பு; அவருக்குக் கூண்டுக்குள் அடைத்த இணையம் வேண்டாம் என்றது மறுதரப்பு. அந்தக் கிராமத்தவரிடம் அவருடைய மொழியில் ஆணையம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிரிவு 11(4) யாருக்குப் பயன்பட்டது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அழைப்பு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை ஈடு தரவேண்டும் என்று 2015இல் டிராய் விதித்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒழுங்குமுறையை ரத்து செய்தது. நிறுவனங்கள் வைத்த வாதங்களுக்கு ஆணையம் முறையாக விடையளிக்கவில்லை, வெளிப்படைத்தன்மை பேணப்படவில்லை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. சட்டக் கோட்பாடாகப் பார்த்தால் நல்ல தீர்ப்பு. ஆனால் விளைவைப் பாருங்கள்: மக்களுக்காக வைக்கப்பட்ட வெளிப்படைத்தன்மை என்னும் கதவு வழியே முதலில் நுழைந்தவர்கள் ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் வாதம் எழுத வல்லவர்கள். ஒரு ரூபாய் இழந்தவர் வாசலிலேயே நின்றார்.

4. என் அம்மாவின் எண்

இனிச் சொந்தக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு அவரது அலைபேசி நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. குறித்த நாளுக்குள் அடையாளச் சான்றை மீண்டும் சரிபார்க்காவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்பது அதன் பொருள். அம்மா அதை அழித்துவிட்டார். காரணம் நான்தான். 'இங்கிலீஷில் வருகிற மெசேஜ் எல்லாம் மோசடி, தொடாதீங்கம்மா' என்று பாடம் நடத்தியவன் நான். முதலில் அவரால் அழைக்க முடியாமல் போனது. பிறகு அவருக்கு அழைப்பு வருவதும் நின்றது. வங்கிக் கணக்கு, எரிவாயு உருளை, குடும்ப அட்டை எல்லாம் அந்த ஓர் எண்ணோடு கட்டப்பட்டவை. இரண்டு வாரம் அவர் பக்கத்து வீட்டு அக்காவின் பேசியிலிருந்துதான் என்னோடு பேசினார்.

புகார் செய்தோம். புகார் எண் வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மறுபடியும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது, எண் உயிர்பெறவில்லை. 2012ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். வேண்டுமென்றே அம்மாவின் பெயரில், அம்மா சொல்லச் சொல்லத் தமிழில் மனு எழுதினேன். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புமாறு பதில் வந்தது. ஆங்கிலத்தில் அனுப்பினேன். நான்காம் நாள் எண் திரும்பியது. அம்மாவின் குறை அப்படியேதான் இருந்தது; மாறியது மொழி ஒன்றே.

இதற்கும் மேலே போக நினைத்திருந்தால்? டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தில்லியில் அமைந்த தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நுகர்வோர் 'குழு'வின் வழக்கைத்தான் எடுக்கும். தனி நுகர்வோர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகவேண்டும் என்கிறது சட்டம். சரி, நுகர்வோர் மன்றத்துக்குப் போனால்? தந்திச் சட்டத்தில் நடுவர் தீர்வு முறை இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2022 பிப்ரவரியில்தான் அதே நீதிமன்றம், மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட 12 ஆண்டுக்கும் மேலான காலத்தில், கோடிக்கணக்கான சந்தாதாரர்கள் ஒவ்வொரு கதவிலும் 'அடுத்த கதவைத் தட்டு' என்று அனுப்பப்பட்டார்கள். இந்த அலைக்கழிப்பைத் தமிழில் விளக்கும் ஒரு கையேட்டைத் தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் இத்தனை இருக்கும் நாட்டில்!

5. வழக்கமான மூன்று மறுப்புகள்

'சட்டச் சொற்களை மொழிபெயர்த்தால் துல்லியம் கெடும்.' இதைச் சொல்பவர்களிடம் 92,000 கோடி ரூபாய்க் கணக்கைத்தான் காட்டவேண்டும். ஒரே மொழியில், அதுவும் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில்தான் ஒரு சொல்லுக்கு 16 ஆண்டு சண்டை. கனடாவில் ஆங்கிலப் பிரதியும் பிரெஞ்சுப் பிரதியும் சம அதிகாரம் உடையவை. ஒன்றில் பொருள் மங்கினால் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் படிக்கிறது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியம் 24 மொழிகளில் சட்டம் செய்கிறது. இரண்டாவது மொழி, முதல் மொழியின் மழுப்பலைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி. 'பொதுப் பாதுகாப்பு' என்பதைத் தமிழில் எழுத உட்காருகிறவர், 'எது வரை?' என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

மேலும், கலந்தாய்வு அறிக்கை சட்டமன்று, கேள்வித்தாள். அதன் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் முன்பின்னாக இருந்தால் எந்த நீதிமன்றமும் கவிழ்ந்துவிடாது.

'தொழில்நுட்பச் சொற்கள் சாமானியருக்குப் புரியா.' 2010க்கு முன்பு 'அலைக்கற்றை' என்ற சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? 2ஜி விவகாரம் வெடித்தது. தேநீர்க் கடை நாளிதழில் தினமும் அச்சொல் வந்தது. 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 'அலைக்கற்றையை ஏலம் விட்டிருக்கவேண்டுமா, வரிசைப்படி கொடுத்தது சரியா' என்று பேருந்து நிறுத்தத்தில் வாதம் நடந்தது. வழக்கின் அரசியலும், 2017இல் வந்த விடுதலைத் தீர்ப்பும் வேறு விவாதம். நான் சொல்வது சொல்லின் வரலாற்றை. தேவை வந்தால் தமிழர்கள் ஒரே ஆண்டில் ஒரு கலைச்சொல்லைச் செரித்துக்கொள்கிறார்கள். சொல்லைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, புரியாது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

'அரசமைப்பில் இடமில்லை.' சட்டங்கள், விதிகள் ஆகியவற்றின் அதிகாரபூர்வப் பிரதி ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்கிறது உறுப்பு 348. பிற மொழிகளில் வெளியிடக்கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. எட்டாம் அட்டவணை மொழிகளில் மத்தியச் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வெளியிட 1973இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசு என்ன செய்தது? ஆங்கிலமும் இந்தியும் போதும் என்று வாதாடியபடி உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. மொழிபெயர்க்கப் பணமில்லை என்பதாலா? மொழிபெயர்ப்புக்கென்றே 'பாஷிணி' என்ற செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தை 2022இல் தொடங்கிப் பெருமை பேசும் அரசு அது. பணமும் கருவியும் இருக்கின்றன. கேட்க மனமில்லை.

6. நம் பங்குக்கு நாம் செய்தது என்ன?

இப்போது பேராசிரியருக்கும், அவரோடு சிரித்த நண்பர்களுக்கும், என்னையும் சேர்த்து நம் எல்லோருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியிடங்கள்தாம். அதிலும் நாம் ஓர் எழுத்தாக எண்ணும் 'தொ', கணினிக்கு இரண்டு இடம். 'த்' இரண்டு இடம். 'தொலைத்தொடர்பு' என்ற ஏழெழுத்துச் சொல் 13 இடங்களை விழுங்குகிறது. அச்சொல்லை இடைவெளி விட்டு ஐந்து முறை எழுதினால் ஒரு குறுஞ்செய்தி தீர்ந்துபோகும். நீண்டால் இரண்டாகவோ மூன்றாகவோ கணக்கிடப்படும். மொத்தமாகச் செய்தி அனுப்பும் நிறுவனத்துக்கு அதற்கேற்பச் செலவு கூடும். என் அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை தமிழில் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இதற்குத் தீர்வில்லையா என்றால், பன்னாட்டுத் தரநிலையிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான சுருக்கக் குறியீட்டு அட்டவணைகள் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. அவற்றைக் கட்டாயமாக்குவது ஒழுங்குமுறை முடிவு. விற்பனையாகும் அலைபேசிகளில் இந்திய மொழிகளைப் படிக்கும் வசதி வேண்டும் என்று 2016இல் ஆணையிட்ட அரசு, அனுப்பும் செலவைப் பற்றியும் ஆணையிட்டிருக்கலாம். நாம் கேட்டோமா? எழுத்திலக்கணத்தில் கரை கண்ட நம்மில் எத்தனை பேர் இதை ஓர் ஆய்வுக் கேள்வியாகவேனும் எழுப்பினோம்?

நாம் எழுப்பவில்லை. செம்மொழித் தகுதிக்கு விழா எடுத்தோம். கலைச்சொல்லாக்கக் கருத்தரங்கு நடத்தினோம். ஆக்கிய கலைச்சொற்களை அகராதியில் பூட்டினோம். கலைச்சொல் பிறக்கவேண்டிய இடம் மக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் ஆவணம். அந்த ஆவணத்தின் பக்கமே நாம் போகவில்லை. சட்டத் துறையினரும் குறைந்தவர்களல்லர். சட்டக் கல்லூரிகளில் தொலைத்தொடர்புச் சட்டம் பெரும்பாலும் விருப்பப்பாடமாகக்கூட இல்லை. இருந்தால் நிறுவனங்களுக்கு வாதாடப் பயிற்சி. சந்தாதாரருக்கு வாதாட யாரைப் பயிற்றுவிக்கிறோம்?

ஆகவே என் கோரிக்கைகள், நேராக:

ஒன்று. டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் வெளியிடும் ஒவ்வொரு கலந்தாய்வு அறிக்கைக்கும் எளிய சுருக்கமும் கேள்விகளும் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வரவேண்டும். எம்மொழியில் வரும் கருத்தும் ஆங்கிலக் கருத்துக்கு நிகராகப் பதிவேற்றப்பட்டு, விடையளிக்கப்படவேண்டும். கருத்துச் சொல்லும் கால அளவு, மொழிபெயர்ப்பு வெளியான நாளிலிருந்து தொடங்கவேண்டும்.

இரண்டு. இணைய முடக்க ஆணைகளை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது, பாதிக்கப்பட்டவர் அவற்றை எதிர்த்து வழக்காட வழி வேண்டும் என்பதற்காக. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் காரணத்தோடு வெளியிடச் சொல்கின்றன. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. முடக்கப்படும் மாவட்டத்தின் மொழியில் வெளியிடாத ஆணை, வெளியிடப்படாத ஆணையாகவே கொள்ளப்படவேண்டும்.

மூன்று. 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' ஆகியவற்றுக்குச் சட்டத்திலேயே வரையறை வேண்டும்.

நான்கு. சேவையை நிறுத்தும் எச்சரிக்கை எதுவும் சந்தாதாரர் தேர்ந்தெடுத்த மொழியில் சென்றாலன்றிச் செல்லாது என்று விதி வேண்டும். குறைதீர்ப்பு மனுவை அவர் மொழியிலேயே ஏற்கவேண்டும்.

இவை அரசுக்கு. நமக்கு ஒரு கோரிக்கைதான். அடுத்த கலந்தாய்வு அறிக்கை டிராயின் தளத்தில் ஏறியதும், அதன் கேள்விகளைத் தமிழில் பெயர்த்து இங்கேயே வெளியிடப்போகிறேன். சட்டம் படித்தவர் ஒருவர், பொறியியல் படித்தவர் ஒருவர், என்னைப்போல் மொழி படித்தவர் ஒருவர் என மூவர் சேர்ந்தால் ஓர் அறிக்கைக்கு இரண்டு வாரம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன். மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம் பேசும் ஆய்வு மாணவ நண்பர்கள் தத்தம் மொழியில் செய்ய முன்வந்தால் இன்னும் நல்லது. தமிழில் எழுதிய பதில்களைத் திரட்டி ஆணையத்துக்கு அனுப்புவோம். ஏற்க மறுத்தால், மறுத்த கடிதமே நம் முதல் ஆவணம். அதைக் கொண்டு பிரிவு 11(4)இன் 'வெளிப்படைத்தன்மை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். நிறுவனங்கள் கேட்டு வென்ற கேள்விதான் அது.

பேராசிரியர் ஐயா, வேற்றுமை உருபை நான் கைவிடவில்லை. 'மக்களிடம்' கருத்துக் கேட்பதற்கும் 'மக்களுக்காக' முடிவெடுப்பதற்கும் இடையில் இருப்பது வேற்றுமை உருபுதான். அந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர்களுள் நீங்களும் ஒருவர். முதல் அறிக்கையின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு உங்களுக்குத்தான் முதலில் அனுப்பவிருக்கிறேன்.

சேர விரும்புவோர் பின்னூட்டத்தில் தங்கள் துறையையும் மொழியையும் குறிப்பிடவும்.